பையச் சொல்லச் சொன்னார்கள்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், ஓர் ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் குடியிருந்தேன். மணிலாவில் ஒரு ஸ்பானியர் வைத்திருந்த கடையில் சில வருஷம் கணக்கெழுதிவிட்டு, சம்பாதித்ததைவிட அதிகமாகக் குளிர்காய்ச்சலைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். காய்ச்சல் விட்டுவிட்டு வரும். அது வராத நாட்களில் வந்துபோன அசதி இருக்கும். எழுந்து நடமாடுவதே ஒரு வேலை என்று தோன்றிய காலம்.

ஊரில் எனக்கு 'மணிலாக்காரர்' என்று பேர் விழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஸ்பானியம் கடையில் பேசிப் பழகிய ஸ்பானியம்தான், புத்தகம் வைத்துப் படித்ததில்லை. ஆனாலும் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை அல்லவா? ஜில்லாவில் அந்தப் பாஷை தெரிந்தவன் என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

அதைப் பேச எனக்கு இங்கே ஒரே ஒரு ஆள் இருந்தார். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் கோயிலுக்கு மணிக்கூண்டு கட்ட வந்த ஸ்பானிய மேஸ்திரி. ஆணி, கயிறு என்று ஏதாவது வாங்கத் திருநெல்வேலிக்கு வந்தால் என் வீட்டுக்கு வராமல் போகமாட்டார். வந்தால் வாய் ஓயாது. அவருக்குப் பதில்கூட வேண்டாம், அந்தப் பாஷை புரிகிற இரண்டு காது இருந்தால் போதும். நான் தலையணையில் சாய்ந்தபடி 'உம்' கொட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலையில் அந்தக் கிராமத்து உபதேசியார் மழையில் நனைந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். பங்குச் சாமியார் வேறு ஊர்களுக்குப் போயிருக்கும் நாட்களில் கோயில் காரியங்களை அவர்தான் பார்ப்பார். உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆற்றில் வெள்ளம் எப்படி, வயலில் நாற்று எப்படி என்றெல்லாம் பேசினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நம்ம மேஸ்திரிக்குக் கொஞ்சம் மோசமாப் போச்சு வே."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"போன திங்கட்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை. வாந்திபேதி. காலையில கண்டுச்சு, பொழுது சாயுறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்த நோவுல செத்த ஒடம்ப வச்சிருக்க முடியுமா? அன்னைக்கே எடுத்துட்டோம்."

கவனித்தீர்களா? 'கொஞ்சம் மோசம்' என்றுதான் அவர் சொன்னார். எப்போது அடக்கம் செய்தீர்கள் என்றுதான் நான் கேட்டேன். நடுவில் யாரும் 'செத்துப்போனார்' என்று சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. நம் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். துக்கச் செய்தியைத் தூக்கிக் கொண்டுபோய் ஒருவர் தலையில் போடமாட்டோம். 'உடம்புக்குச் சரியில்லை, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க' என்போம். கேட்கிறவர் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

இனிமேல் அந்தப் பாஷையில் என்னோடு பேச யாருமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

உபதேசியார் மடியிலிருந்து ஒரு தந்தியை எடுத்து நீட்டினார். மேஸ்திரிக்கு ஓர் அக்காள். கொஞ்ச மாதத்துக்கு முன்னால்தான் ஸ்பெயினிலிருந்து வந்து, மலையாளக் கரையில் பாதிரியாராக இருக்கும் தாய்மாமனுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். கிறிஸ்துமசுக்குத் தம்பியைப் பார்க்க வருவதாக இருந்தார். பார்த்து வருஷக்கணக்காயிற்று. அவருக்கு இவர்கள் தந்தி அடித்திருக்கிறார்கள். மழையில் தண்டவாளம் அரித்து, தந்திக்கம்பி சாய்ந்து, அது தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது பதில் வந்திருக்கிறது.

"ஒரு எழுத்து வெளங்கல. நீரு பாத்துச் சொல்லும்" என்றார்.

ஸ்பானியத்தில் இருந்தது. நாளைக்கு வருகிறேன், அவனைச் சாப்பிடச் சொல்லுங்கள், பழப்பாகு கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தார்.

படித்துச் சொல்லிவிட்டு நான் கேட்டேன்: "நீங்க என்னன்னு அடிச்சீங்க?"

"வேற என்னன்னு அடிப்பாங்க? ஒடம்பு ரொம்ப மோசம், ஒடனே பொறப்படவும்னு இங்கிலீசுல அடிச்சோம்."

"அந்தம்மா அவரு உசுரோட இருக்காருன்னுல்ல நெனச்சுக்கிட்டு வாராங்க!"

உபதேசியார் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது எப்படி வே? தந்தின்னு ஒண்ணு வந்தாலே தெரியாதா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய அப்பா செத்தபோதும் அப்படித்தான் தந்தி வந்திருக்கும். ஸ்டேஷனுக்கு நீர்தான் வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். காய்ச்சல் வருகிற நேரம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீரு வராட்டா வேற யாரு வே சொல்லுவா?" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் சேரன்மகாதேவிக்கு ரயிலில் போனோம். மேற்கே மலையெல்லாம் மேகத்துக்குள் இருந்தது. வயல்களில் தண்ணீர் நின்றது. உபதேசியார் எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். "எடுத்த எடுப்புல சொல்லிராதீரும். ஸ்டேஷன்ல கொஞ்சம், வண்டியில கொஞ்சம், வீட்டுக்கு வந்தப்புறம் மிச்சம். பையச் சொல்லும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நானும் இந்த ஊர்க்காரன்தானே. என்ன வார்த்தை சொல்வது என்று மனதில் அடுக்கிப் பார்த்தேன். கெட்டது நடந்தால் சொல்ல ஸ்பானியத்தில் ஏகப்பட்ட வார்த்தை உண்டு. அத்தனையும் எனக்குக் கடையில் பழக்கமானவை. பெட்டி கைதவறி விழுந்து நாலு தட்டு உடைந்தால் முதலாளி 'பெர்கான்ஸே' என்பார். சின்னச் சேதம், துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிடலாம். சேவல் சண்டையில் தோற்றுவிட்டு வரும் வாடிக்கைக்காரர் 'மாலா சுவெர்தே' என்பார், நேரம் சரியில்லை என்கிற மாதிரி. 'தெஸ்கிராசியா' என்றால் பெரிய கேடு. தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்தபோதும், துறைமுகத்தில் ஒருவன் கை நசுங்கியபோதும் அதைத்தான் சொன்னார்கள். 'தெஸ்தீச்சா' என்பதைப் புருஷனைப் பறிகொடுத்த முதலாளியின் தங்கை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் ஒருநாள் பட்டதைச் சொல்லவில்லை, தன் பிழைப்பு முழுவதையும் சேர்த்துச் சொன்னாள். இன்னும் ஒன்று உண்டு, 'இன்ஃபோர்த்தூனியோ' என்று. அது பிரசங்கத்திலும் பத்திரிகையிலும் மட்டும் வரும். கடையில் அதைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

சின்னதிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏறிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த வண்டி தாமதமாக வந்தது. அந்த அம்மாள் தனியாக இறங்கினார். நாற்பது வயதைத் தாண்டியவர். கறுப்பு உடுப்பு. ஒரு கையில் பை, இன்னொரு கையில் மூடி போட்ட தகர டப்பா. நான் அவருடைய பாஷையில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டானா?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் "ஒரு பெர்கான்ஸே" என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான், அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார். "பெர்கான்ஸேதானா! நான் வழியெல்லாம் என்னென்னவோ நினைத்துப் பயந்துகொண்டு வந்தேன்!" என்றார். உபதேசியார் அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டீரா? நல்ல மனத்தைரியம்" என்று என் காதில் சொன்னார். எனக்கு அங்கேயே தரையில் படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

வில்வண்டியில் ஏறினோம். பாதை முழுவதும் சேறு. மாடுகள் இழுக்கமாட்டாமல் இழுத்தன. அந்த அம்மாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தம்பியைப் போலவே நிறுத்தாமல் பேசினார். ஸ்பெயினில் விளையும் ஒரு பழத்தைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சிக் கெட்டியாக எடுப்பார்களாம், அம்மா அவனுக்கென்று செய்து கொடுத்துவிட்டாளாம். சின்னப் பையனாக இருந்தபோது கூரையிலிருந்து விழாத வாரம் கிடையாதாம். நான் இடையில் புகுந்து, "இது மாலா சுவெர்தே, அம்மா" என்றேன். "அவனுக்கு என்றைக்கு நல்ல நேரம் இருந்தது!" என்று அதையும் ஊதித் தள்ளிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அடுத்த படி ஏறினேன். "நடந்தது தெஸ்கிராசியா" என்றேன்.

பேச்சு நின்றது. என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, "கையா, காலா?" என்று கேட்டார். சாரத்திலிருந்து விழுந்து ஊனமாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தேறிக்கொண்டார். "பரவாயில்லை. கை போனாலும் கால் போனாலும் நான் அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வைத்துச் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கிறது" என்றார்.

நான் ஏறினால் அவரும் ஒரு படி ஏறுகிறார், ஆனால் அவன் உயிரோடு இருக்கிற படியிலேயே நிற்கிறார். என்ன செய்வேன்? காதோரம் சுட ஆரம்பித்துவிட்டது. காய்ச்சல் வரப்போகிறது என்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து உபதேசியார், "கால்வாயைத் தாண்டுனா ஊரு. பொம்பளைங்க எல்லாம் மொனையிலயே நிக்காங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூர ஊரிலிருந்து உடன்பிறந்தாள் வந்து இறங்கினால் பெண்கள் ஊர் முனைக்கே வந்து, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். எத்தனை நாள் கழித்து வந்தாலும் செய்கிற மரியாதை அது. இந்த அம்மாள் தம்பிக்குச் சோறு போடும் கனவோடு இறங்குவார், முன்பின் தெரியாத பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு வந்து மேலே விழுவார்கள். தம்பி செத்த சேதி அவருக்கு அப்படியா தெரியவேண்டும்?

"வண்டிய நிறுத்தும் அண்ணாச்சி" என்றேன். கால்வாய்க் கரையில் வண்டி நின்றது. உபதேசியார், "இங்கன எதுக்கு வே?" என்று கேட்டார். அந்த அம்மாளைப் பார்த்து, "முரியோ" என்றேன்.

இறந்துவிட்டான். ஸ்பானியத்தில் அவ்வளவுதான் வார்த்தை. கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்ட வார்த்தை. நான் அடுக்கி வைத்த வரிசையில் அது இல்லவே இல்லை.

அந்த அம்மாள் அழவில்லை. கொஞ்ச நேரம் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எப்போது?" என்றார். சொன்னேன்.

"எனக்குத் தந்தி வருவதற்கு முன்னாலேயா?"

"ஆமாம்."

"அப்படியானால் தந்தி வந்ததிலிருந்து நான் அவன் உடம்பு தேறவேண்டும் என்று மன்றாடியிருக்கிறேன். மாமாவும் அதற்குத்தான் பூசை வைத்தார். அவன் ஆத்துமாவுக்காக எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை." குரல் உயரவே இல்லை. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். உங்களை நோகடிக்கக் கூடாது என்றுதான் செய்தார்கள், எங்கள் ஊரில் இதை யார் கேட்டாலும் உடனே புரிந்துகொள்வார்கள் என்றேன்.

"எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே" என்றார்.

அவரே கையைக் காட்டி வண்டியைப் போகச் சொன்னார்.

ஊர் முனையில் பெண்கள் நின்றார்கள். அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். அவர் கையைத் தொங்கவிட்டபடி அவர்கள் நடுவில் விறைத்து நின்றார். தள்ளவும் இல்லை, சேர்ந்துகொள்ளவும் இல்லை. அது அடங்கியதும் கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஈரமண்ணில் முழங்காலிட்டு வெகுநேரம் இருந்தார். நான் கோயில் சுவரில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுபோன மணிக்கூண்டு பக்கத்தில் சாரத்தோடு நின்றது.

உபதேசியார் வீட்டுக்கு வந்தபிறகு, தம்பி எப்படிச் செத்தான் என்று அந்த அம்மாள் கேட்டார். கூட இருந்து பார்த்தவர் உபதேசியாரின் மனைவி. இந்தத் தடவை நான் எதையும் பூசி மெழுகவில்லை. வாந்தி, தாகம், கால் இழுத்துக்கொண்டது, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தது, சாமியார் வந்துசேர முடியாமல் போனது என்று அந்தப் பெண் சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னேன். அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில், "அவனுக்காக யாராவது செபம் சொன்னார்களா?" என்று கேட்டார்.

நான் அதைத் தமிழில் கேட்டதும் உபதேசியாரின் மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது. "இது என்ன கேள்வி? எடுத்த அன்னையிலருந்து தெனம் சாயங்காலம் ஊரே கோயில்லதான் கெடக்கு. இன்னைக்கும் உண்டு. அக்காவும் அம்மாவும் தூரத்துல இருக்காங்க, அவங்க வாரவரைக்கும் நம்மதானே சொல்லணும்? பச்சப் புள்ளைகூட அவரு பேரச் சொல்லி மன்றாடுது."

இதையும் அப்படியே ஸ்பானியத்தில் சொன்னேன். அந்த அம்மாள் அதுவரை மடியை விட்டு இறக்காத தகர டப்பாவைத் தரையில் வைத்தார். உபதேசியாரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஊர் முனையில் வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. அன்று சாயங்காலம் அவரும் கோயிலுக்குப் போனார். நான் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் சேரன்மகாதேவி தந்தி ஆபீசுக்குப் போனோம். ஸ்பெயினில் அம்மாவுக்குச் செய்தி அனுப்பவேண்டும். இவர் நேராக எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எங்களை அவ்வளவு கேட்டவர் அல்லவா? விலாசத்தைத் திடமாகத்தான் எழுதினார். அடுத்தாற்போல் எழுதியது பக்கத்தில் நின்ற என் கண்ணில் பட்டது. உடல்நிலை மோசம் என்று எழுதியிருந்தார்.

பென்சில் அங்கேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள்" என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. போகட்டும், அப்படியே அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் அதைக் கோடு போட்டு அடித்தார். 'தெஸ்கிராசியா' என்று எழுதினார். அதையும் அடித்தார். தந்தி மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். அந்த அம்மாள் காகிதத்தை என் பக்கம் தள்ளி, "நீங்கள் எழுதுங்கள். என்னால் முடியவில்லை" என்றார்.

நான் 'முரியோ' என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் பென்சிலைத் திரும்ப வாங்கினார். அதற்குக் கீழே, 'இந்த ஊர் முழுவதும் தினமும் அவனுக்காகச் செபிக்கிறது' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வண்ணார்பேட்டையில் எத்தனையோ வீட்டுக்கு நான் துக்கச் செய்தி கொண்டுபோகவேண்டி வந்திருக்கிறது. தண்ணீர் குடித்து, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கமாட்டேன். வாசலிலேயே சொல்லிவிடுவேன். 'மணிலாக்காரருக்கு ஈவு இரக்கம் கெடையாது வே' என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவதும் எனக்குத் தெரியும். பேசட்டும். ஒவ்வொரு தடவையும் என் நாக்கு இன்னமும் ஒரு சின்ன வார்த்தையைத்தான் தேடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனவருக்குத் துணையாகக் கடைசியில் யார் யார் இருந்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.